சும்மா நிற்கும் ரோபோவும் ஒரு சிவப்புப் பூட்டும்

ஆயுத பூஜை அன்று நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெல்டிங் லைன் முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவோம். மெயின் பேனலின் கைப்பிடியில் பூட்டு தொங்கும். வருஷம் முழுக்க மஞ்சள் கம்பி வேலிக்கு வெளியே நின்றே பார்த்த ரோபோவை அன்றைக்குத்தான் கிட்டப் போய்த் தொடுவோம். தூசி துடைத்து, அதன் கையில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியைச் சுற்றிவிடுவோம். வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் பயம் இருக்காது.

அந்த ஒரு நாளில்தான் அந்த இயந்திரம் நிஜமாகவே நின்றிருக்கும். மற்ற நாட்களில் அது அசையாமல் இருந்தால், அநேகமாக எதற்காகவோ காத்திருக்கிறது என்று அர்த்தம். நின்றிருப்பதற்கும் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அது தெரியாமல் உள்ளே போய் உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

ரோபோவிடமிருந்து மனிதன் எப்படித் தப்பிப்பது என்று கேட்டால் நம் மனசில் ஓடுவது சினிமாக் காட்சிதான். கண் சிவந்த இயந்திரம் துரத்தும், கூட்டம் சிதறி ஓடும். ஆனால் இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன்கள், மெயின்டனன்ஸ் ஆட்கள். 2023 முடிவில் உலகத் தொழிற்சாலைகளில் சுமார் 43 லட்சம் ரோபோக்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பது சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கு. அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் மட்டும் 8,510 புதிதாக நிறுவப்பட்டன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் கார், பைக், உதிரிபாகம் செய்யும் இடங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரோபோ என்பது தினமும் பார்க்கிற சங்கதி. அதனிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவதில் முதல் இடம் ஒரு சிவப்புப் பூட்டுக்கு. ஏன் பூட்டு என்பது புரிய, அந்த இயந்திரம் எப்படிக் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோபோ தொழிற்சாலைக்குள் வந்ததே ஆட்களை ஆபத்தான வேலையிலிருந்து விடுவிக்கத்தான். 1961-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்தார், ஜோசப் எங்கெல்பெர்கர் அதைத் தொழிலாக வளர்த்தார். அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் வார்ப்புத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை. அந்தச் சூட்டையும் புகையையும் தாங்கிக்கொண்டு மனிதன் செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. நல்ல காரியம்தான்.

பதினெட்டு வருஷம் கழித்து, 1979 ஜனவரி 25 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளாட் ராக்கில் ஃபோர்டு வார்ப்பாலையில் 25 வயதுத் தொழிலாளி ஒருவர் செத்தார். ஐந்து அடுக்கு உயர ரேக்கிலிருந்து வார்ப்புகளை எடுத்துக் கொடுக்கும் ரோபோ அங்கே இருந்தது. அது சரியாக எடுத்துத் தரவில்லை என்று அவரே ரேக்கில் ஏறினார். பின்னாலிருந்து வந்த ரோபோவின் கை தலையில் அடித்தது. அது யாரையும் தேடிப் போகவில்லை. தன் பாதையில் போனது, பாதையில் ஒரு தலை இருந்தது. அரை மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை, ரோபோ பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஆள் கிட்டே வந்தால் எச்சரிக்க ஒரு சத்தம்கூட அதில் இல்லை என்று குடும்பம் வழக்குப் போட்டது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் 1 கோடி டாலர் தர வேண்டும் என்று 1983-ல் ஜூரி தீர்ப்புச் சொன்னது.

1981 ஜூலையில் ஜப்பானின் ஆகாஷியில், கவாசாகி ஆலையில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அங்கே வேலி இருந்தது. வேலிக் கதவைத் திறந்தால் ரோபோவுக்குக் கரண்ட் போய்விடும். 37 வயது பராமரிப்பு ஊழியர் கதவைத் திறக்காமல் வேலியைத் தாண்டிக் குதித்தார். முழுக்க நிறுத்தப்படாத ரோபோவின் கை, பல்சக்கரம் செய்யும் பக்கத்து இயந்திரத்தோடு அவரை வைத்து அழுத்தியது. அங்கிருந்தவர்களால் அதை உடனே நிறுத்த முடியவில்லை. ஏன் குதித்தார் என்று அவரிடம் இனிக் கேட்க முடியாது. ஆனால் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்களுக்கு ஊகிக்கத் தெரியும். கதவைத் திறந்தால் லைன் நிற்கும். நின்ற லைனை மறுபடி ஓட்ட நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

சரி, காத்திருப்பதற்கு வருவோம். ரோபோவின் புரோகிராம் என்பது வரிசையாக எழுதிய கட்டளைகள். இந்தப் புள்ளிக்குப் போ, வெல்டிங் டார்ச்சைப் பற்றவை, அந்தப் புள்ளிவரை இழு, திரும்பி வா. நடுநடுவே ஒரு கட்டளை வரும்: இன்ன சிக்னல் வரும்வரை பொறு. பாகத்தை வைக்கும் தாங்கியான ஜிக்கில் பாகம் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு சென்சார் சொல்ல வேண்டும். அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மூடிவிட்டது என்று இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை ரோபோ ஒரு மணி நேரம் ஆனாலும் அசையாது. மோட்டாரில் கரண்ட் இருக்கும், சத்தம் இருக்காது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது பழுதாகி நிற்கும். சிக்னல் வந்த மறு கணம், விட்ட இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளம்பும்.

சிக்னல் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். புகையும் எண்ணெயும் படிந்து சென்சாரின் கண் மங்கியிருக்கும். பாகம் ஒரு மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருக்கும். ஒரு துணியால் துடைத்தால், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பழுதைச் சரிசெய்யும் அந்த விரலே ரோபோவுக்குப் புறப்படும் உத்தரவையும் கொடுத்துவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இரவு ஷிஃப்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கார் சீட்டின் கம்பிச் சட்டத்தை வெல்ட் செய்யும் செல் அது; ரோபோவைச் சுற்றி வேலி போட்ட இடத்தைச் செல் என்போம். லைன் நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மூத்தவர் ஒருவர் வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தார். கதவைத் திறந்தால் ரோபோவை நிறுத்தும் இன்டர்லாக் சுவிட்சில் யாரோ எப்போதோ ஒரு உதிரிச் சாவியைச் செருகி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாகத்தான் ரோபோவை ஓட்டும் கண்ட்ரோலர் பெட்டி நினைத்துக்கொள்ளும்.

"அண்ணே, பூட்டு?" என்றேன்.

"ரெண்டு நிமிஷ வேலைடா தம்பி. பூட்டு எடுக்க ஸ்டோருக்குப் போய்ட்டு வந்தாலே கால் மணி நேரம் ஆயிடும்."

குனிந்து சென்சாரைத் துடைத்தார். துணி விலகியதும் ரோபோவின் கை இறங்கியது. அவர் நிமிராமல் அப்படியே குனிந்திருந்ததால், டார்ச் அவர் முதுகுக்கு ஒரு சாண் மேலே போனது. சட்டையில் பொறி விழுந்து நான்கைந்து ஓட்டை. தவழ்ந்து வெளியே வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் கை நடுங்கியது, நான் திறந்து கொடுத்தேன். "வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்பதைத் தவிர அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை.

அந்த உதிரிச் சாவி மறுநாளும் அங்கேயே இருந்தது.

அந்த அண்ணனுக்குக் கிடைத்த ஒரு சாண் இடைவெளி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2016 ஜூனில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், குசெட்டா என்ற ஊரிலிருந்த கார் உதிரிபாக ஆலையில் ஒரு சென்சார் கோளாறால் லைன் நின்றது. அதைச் சரிசெய்ய நான்கு பேர் செல்லுக்குள் போனார்கள். ரோபோ திடீரென்று கிளம்பி, 20 வயதுப் பெண் ஒருவரை நசுக்கியது. அவருக்கு இரண்டே வாரத்தில் கல்யாணம். அவர் ஆலையின் நேரடித் தொழிலாளி இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர். அந்தப் பகுதியில் பூட்டுப் போடும் நடைமுறை சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று அரசு விசாரணை சொன்னது. ஆலைக்கும் ஏஜென்சிகளுக்கும் சேர்த்து 25 லட்சம் டாலர் அளவுக்கு அபராதம் முன்வைக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் 1992 முதல் 2017 வரை வேலையிடங்களில் ரோபோ சம்பந்தப்பட்ட 41 மரணங்களை ஓர் ஆய்வு எடுத்துப் பார்த்தது. நான்கில் மூன்றுக்கும் மேல், ரோபோ தன் இயக்கத்தில் வந்து ஆளை இடித்தவை. பல, பராமரிப்பு வேலையின்போது நடந்தவை. நடமாடும் ரோபோக்களைவிட, ஒரே இடத்தில் போல்ட் போட்டு நிறுத்திய ரோபோக்களே பெரும்பாலானவற்றில் சம்பந்தப்பட்டிருந்தன. எண்ணிக்கை சின்னதுதான், மறைக்க வேண்டியதில்லை. குருகிராம், மானேசர் பக்கம் விரல் போனவர்களைப் பதிவு செய்துவரும் சேஃப் இன் இந்தியா அமைப்பின் அறிக்கைகளைப் படித்தால் அங்கே முதல் எதிரி, தகட்டை அழுத்தி வடிவாக்கும் பழைய பவர் பிரஸ்தான். ஆனால் பவர் பிரஸ் ஓடுகிற அதே இடங்களுக்குத்தான் இப்போது ரோபோவும் வருகிறது. பழக்கங்களும் அதே பழக்கங்கள்தான்.

இனி தற்காப்பு. வேலி எல்லோருக்கும் தெரிந்தது, அதைக் கடந்து போவோம். வேலி போட முடியாத இடங்களில், பாகத்தை உள்ளே வைக்கும் வாசலில், லைட் கர்ட்டன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகளாலான திரை அது. கை குறுக்கே போனால் ரோபோ நிற்கும். ஆனால் எந்த ரோபோவும் நினைத்த கணத்தில் நிற்காது. ஓடுகிற பஸ்ஸை பிரேக் பிடிப்பதுபோலத்தான். அதனால் திரையை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மனிதன் நடந்து வரும் வேகத்தை வினாடிக்கு 1.6 மீட்டர் என்று சர்வதேசத் தரவிதி எடுத்துக்கொள்கிறது. ரோபோ நிற்க அரை வினாடி ஆகிறதென்றால் அதற்குள் நீங்கள் 80 சென்டிமீட்டர் வந்துவிடுவீர்கள். நீட்டிய கைக்கு இன்னும் 85 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டியிருக்கும். ஆக, ரோபோவிலிருந்து 1.65 மீட்டர் தள்ளித்தான் திரை நிற்க வேண்டும். இடம் போதவில்லை என்று ஒரு மீட்டரில் வைத்தால், எல்லாச் சென்சாரும் ஒழுங்காக வேலை செய்தும் கை போகும். புது செல்லைப் பார்த்தால் நான் முதலில் டேப் எடுத்து அளப்பது இதைத்தான்.

அடுத்தது டீச் பென்டன்ட், ரோபோவை நகர்த்திப் பாதை சொல்லிக்கொடுக்கும் கைக்கருவி. ரோபோவுக்குப் புதுப் பாதை சொல்லிக்கொடுக்கக் கரண்ட் வேண்டும், ஆள் உள்ளே கிட்டத்தில் நிற்கவும் வேண்டும். அந்த வேலைக்குப் பூட்டு உதவாது. அதற்காகவே இரண்டு ஏற்பாடு. டீச் மோடில் ரோபோ வினாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் வேகமெடுக்கக் கூடாது, ஆள் விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இன்னொன்று பென்டன்டின் பின்பக்கத்தில் இடது கை விரல்கள் படும் இடத்தில் இருக்கும் ஒரு சுவிட்ச். அதற்கு மூன்று நிலை. பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். கையை விட்டால் நின்றுவிடும். இதுவரை யாருக்கும் தோன்றக்கூடியதுதான். மூன்றாவது நிலைதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. முழுக்க இறுக்கி அழுத்தினாலும் நின்றுவிடும்! ஆபத்தில் சிலர் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள். சிலர் உடம்பு விறைத்துப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், பாம்பைப் பார்த்த குழந்தை அம்மாவின் சேலையைப் பிடிக்கிற மாதிரி. இரண்டு வகை ஆட்களையும் மனசில் வைத்து யாரோ இந்தச் சுவிட்சைச் செய்திருக்கிறார்கள். பயந்துபோன மனிதனின் கை என்ன செய்யும் என்று உட்கார்ந்து யோசித்த அந்த இன்ஜினியருக்கு நான் மனசார நன்றி சொல்வேன்.

சிவப்புக் காளான் மாதிரி மஞ்சள் பின்னணியில் இருக்கும் எமர்ஜென்சி பட்டனைத்தான் எல்லோரும் பெரிதாக நம்புகிறார்கள். இருக்க வேண்டியதுதான். ஆனால் நசுங்கிக்கொண்டிருக்கும் ஆளால் அதை எட்ட முடியாது. வெளியே நிற்கும் இன்னொருவர் பார்த்து, புரிந்து, ஓடி வந்து அடிக்க வேண்டும். அதற்குள் ரோபோவின் வேலை முடிந்திருக்கும். அதோடு, எமர்ஜென்சியை யார் வேண்டுமானாலும் திருகி விடுவித்துவிடலாம். உள்ளே ஆள் இருப்பது தெரியாத ஒருவர், லைன் ஏன் நிற்கிறது என்று எரிச்சலோடு வந்து விடுவித்துவிட்டால்?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்தான் பூட்டு. ஆலைகளில் இதை லாக்-அவுட் டேக்-அவுட் என்பார்கள், பேச்சில் 'லோட்டோ'. முறை எளிமையானது. உள்ளே போகப்போவதை லைனில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். ரோபோவை முறைப்படி நிறுத்தி, மெயின் ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதிலிருக்கும் ஓட்டையில் உங்கள் பூட்டைப் போட வேண்டும். உங்கள் பெயரும் படமும் போட்ட அட்டையை அதில் மாட்ட வேண்டும். சாவி உங்கள் பாக்கெட்டுக்குள் போக வேண்டும். நான்கு பேர் உள்ளே போனால் நான்கு பூட்டு. அதற்கென்றே ஆறு ஓட்டை உள்ள இடுக்கி மாதிரி ஒரு கொக்கி இருக்கிறது. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை, மேனேஜர் வந்தாலும் முதலாளியே வந்தாலும் அந்த லைனை ஓட்ட முடியாது. உயிரைக் காக்கும் அதிகாரம் முழுக்க முழுக்க உள்ளே இருப்பவர் கையில் இருக்கும் ஏற்பாடு, ஆலைக்குள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கரண்டை மட்டும் பூட்டினால் முடிந்துவிடாது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொருளைப் பிடிக்கும் கிரிப்பருக்குப் போகும் காற்றுக் குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கும். வால்வை மூடி, உஸ்ஸென்று காற்று முழுக்க இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். கண்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் கரண்ட் போன பிறகும் சில நிமிஷங்கள் மின்சாரம் தங்கியிருக்கும். தூக்கிய நிலையில் நிற்கும் கை பிரேக்கில்தான் நிற்கிறது. பிரேக் தேய்ந்திருந்தால் புவியீர்ப்பு போதும், கரண்ட் தேவையில்லை. அதனால் கையைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் முட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி. ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். சரியான பேனலைத்தான் பூட்டினோமா என்பது அப்போதுதான் உறுதியாகும். பக்கத்து செல்லின் பேனலைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உள்ளே போனவர்களின் கதை ஒவ்வொரு ஆலையிலும் சொல்லப்படும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் மாட்டிக்கொண்டால்? ஓடி வருகிறவருக்கு முதலில் தோன்றுவது ரோபோவைப் பின்னுக்கு ஓட்டுவது. செய்யக் கூடாது. வந்த வழியே திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அடுத்த புள்ளிக்குப் போகும் பாதை அந்த உடம்பு வழியாகவே இருக்கலாம். எமர்ஜென்சியை அடித்துவிட்டு, பிரேக்கைக் கையால் விடுவித்து ரோபோவின் கையைத் தள்ள வேண்டும். மோட்டார் சக்தி இல்லாமல் கையை நகர்த்த ஒரு வழி ஒவ்வொரு தொழிற்சாலை ரோபோவிலும் இருந்தாக வேண்டும். ஆனால் பிரேக்கை விட்டதும் அந்தக் கனமான கை அப்படியே தொங்கிவிடும், ஆளின் மேலேயே விழலாம். அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேராவது, அல்லது கிரேன் பெல்ட்டாவது வேண்டும். இதை ஒரு முறையாவது வெறும் செல்லில் செய்து பழகியிருக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சி நடத்துகிற ஆலைகளில்கூட இந்தப் பயிற்சியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேலியே இல்லாத ரோபோக்கள் வந்துவிட்டன. ஆளோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்யும் என்பதால் கோபாட் என்கிறார்கள். ஆள் மேல் பட்டால் உணர்ந்து நின்றுவிடும். எவ்வளவு பலமாகப் பட்டால் வலிக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் தன்னார்வலர்களின் உடம்பில் இடம் இடமாக அழுத்திச் சோதித்தார்கள். அந்தச் சோதனையையொட்டி, உடம்பின் 29 இடங்களுக்குத் தனித்தனி வரம்பு வைத்து 2016-ல் ஒரு சர்வதேச ஆவணம் வந்தது. நெஞ்சு தாங்குவதை முகம் தாங்காது, முகத்துக்கு வரம்பு பாதிக்கும் குறைவு. நல்ல வேலைதான். ஆனால் அந்த வரம்பெல்லாம் மழுங்கிய கைக்குத்தான். கோபாட்டின் நுனியில் கத்தியோ கூரான தகடோ இருந்தால் மெதுவாகப் பட்டாலும் வெட்டும். கோபாட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாமல், அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2022 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த செஸ் போட்டியில் ஏழு வயதுப் பையனின் விரலை ஒரு ரோபோ பிடித்து முறித்தது. ரோபோ தன் காயை நகர்த்தி முடிப்பதற்குள் பையன் அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டான். அதற்கு விரலும் காயும் ஒன்றுதான். தென்கொரியாவின் கோசோங்கில் 2023 நவம்பரில் நடந்ததும் அதேதான். குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோவின் சென்சாரைச் சோதிக்க வந்த, ரோபோ நிறுவனத்தின் ஊழியரையே பெட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்து கன்வேயரோடு அழுத்திக் கொன்றது. ரோபோ தப்பு செய்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதற்குத் தெரிந்தது பிடிப்பது ஒன்றுதான். பிடிக்கப்படுவது என்ன என்பதைப் பார்க்கும் பொறுப்பு அதை அங்கே வைத்தவர்களுடையது.

ஆலைக்கு வெளியிலும் கதை மாறுவதில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில், ஊபர் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கி கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன, என்ன பொருள் என்றுதான் முடிவுக்கு வர முடியவில்லை. அந்த வால்வோ காரில் தயாரித்தவர்களே வைத்த அவசர பிரேக் ஒன்று இருந்தது. கணினி ஓட்டும்போது அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டர்லாக்கில் செருகிய உதிரிச் சாவிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு காலில் நடக்கும் ரோபோக்களில் வேறு ஒரு சிக்கல். தரையில் போல்ட் போட்ட ரோபோவின் கரண்டை நிறுத்தினால் அது நிற்கும். நடக்கும் ரோபோவின் கரண்டை நிறுத்தினால் அது விழும், பக்கத்தில் இருப்பவர் மேல். அறுபது வருஷமாக நாம் பழகிய சிவப்புப் பட்டன் அங்கே அப்படியே செல்லாது. நெட்வொர்க் வழியாக ரோபோவுக்குள் நுழைந்து அதன் நடத்தையை மாற்ற முடியும் என்று இத்தாலியின் மிலான் ஆராய்ச்சியாளர்கள் 2017-லேயே ஒரு தொழிற்சாலை ரோபோவை வைத்துக் காட்டிவிட்டார்கள். பூட்டின் அருமை அங்கேயும் தெரிகிறது. மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கிப் பூட்டிய பிறகு எந்த சாஃப்ட்வேராலும் அதை மேலே தூக்க முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. அசையும் இயந்திரப் பாகங்களுக்கு உறுதியான வேலி வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தொழிலாளி தெரிவிக்கலாம் என்று அது சொல்கிறது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்லுக்குள் முதலில் போகிறவர் யார் என்று பாருங்கள். லைன் நின்றதும் துணியோடு அனுப்பப்படுவது கான்ட்ராக்ட் பையன். குசெட்டாவில் செத்தது ஏஜென்சி மூலம் வந்த பெண். 2015-ல் ஜெர்மனியின் பவுனாட்டாலில் ஃபோக்ஸ்வாகன் ஆலையில், ரோபோவை நிறுவும் வேலையின்போது செத்த இளைஞர் வெளி நிறுவனத்து ஆள். வந்து ஒரு மாசம்கூட ஆகாதவர், சூப்பர்வைசரைப் பார்த்து "பூட்டுப் போட்டுட்டுத்தான் போவேன்" என்று சொல்ல முடியுமா? ஹெல்மெட்டும் ஷூவும் ஐடி கார்டும் கொடுக்கும் கேட்டிலேயே அவர் பெயரெழுதிய பூட்டு ஒன்றையும் கொடுத்தால், அதைக் கேட்டு வாங்கும் தைரியம் அவருக்குத் தேவைப்படாது. ஒரு பூட்டின் விலை சில நூறு ரூபாய். செல்லுக்கு இருபது அடிக்குள் பூட்டு மாட்டும் பலகை இருந்தால் ஸ்டோருக்கு நடக்கும் கால் மணி நேரமும் மிச்சம். என் அனுபவத்தில் நடைமுறையை மீறியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் மீறினார்கள்.

நான் வேலை பார்த்த இடத்திலும் கடைசியில் அது வந்தது. ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, அட்டையில் படம், இன்டர்லாக் எல்லாவற்றிலும் உதிரிச் சாவி ஏற்காத புது சுவிட்ச். பூட்டு கொடுத்த அன்றே அந்த அண்ணன் தன் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும் என்றார். பசங்கள் கேலி செய்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. ஒன்பது வருஷம் அது அவர் இடுப்பிலேயே இருந்தது. ஓய்வுபெறும் நாளில் பூட்டையும் சாவியையும் ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. ஸ்டோர்கீப்பரிடம் கத்தரிக்கோல் வாங்கி நான்தான் நறுக்கிக் கொடுத்தேன்.